சண்டை போட்டு வீடு சேர்த்தவள்

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் மலாக்காவில் நல்ல நிலையில் இருக்கிறார்கள். பெயரைப் போட்டு உள்ளதை உள்ளபடி எழுதினால் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும், எனக்கென்ன பயம்? அவளுக்கு இருந்த வாயில் கால்வாசியாவது அவர்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

பயம் என்று எழுதியதும் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் காஜா பெராங்கில் இறங்கி, தையற்கடை அம்மா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், தெருநாய்கூட வழிகாட்டும். மூன்று கடைகள் வைத்தேன். இந்த ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் நான் தைத்த சீருடையில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். யாரும் எனக்குக் கைதூக்கி விடவில்லை. தையல்கூட நானாகப் பார்த்துப் பழகியதுதான். இத்தனை வயதில், இன்னாரிடம் இன்னது கற்றுக்கொண்டேன் என்று நான் ஒப்புக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று: சண்டை போடுவது. அதை அவளிடம்தான் கற்றேன்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் நான் வேலைக்குப் போனேன். எனக்குப் பதினெட்டு வயது. அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும் மரவள்ளிக்கிழங்கும்தான். ஆற்றங்கரையில் ரப்பர் மூட்டை அடுக்கும் பழைய கித்தாக் கிட்டங்கி ஒன்றைப் பட்டாளத்துத் துணி தைக்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். பொத்தான் போன சட்டை, முட்டி கிழிந்த கால்சட்டை, ஓட்டை விழுந்த கொசுவலை என்று லோரியில் வந்து குவியும். முதலில் வெளிச்சத்தோடு வேலை விட்டார்கள். லோரிகள் கூடக் கூட வேலை நேரமும் நீண்டது. கிட்டங்கிச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. ஜப்பான்காரன் மணியைத் தன் ஊர் மணிக்குத் திருப்பி வைத்துவிட்டதால் அது எங்கள் பழைய மணிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். அந்தக் கடிகாரத்தில் ஒன்பது அடித்தால் எங்களை விடுவார்கள். பழைய கணக்கில் அது ஏழரை. எந்த மணியில் சொன்னாலும் இருட்டு இருட்டுதான்.

மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். வீடுகளில் தேங்காயெண்ணெய் விளக்கு ஒன்று எரியும், அதுவும் கதவுக்கு உள்ளே. சடக்கு என்று நாங்கள் சொல்லும் சாலையில் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது. கிட்டங்கியிலிருந்து காஜா பெராங் போகிறவர்கள் நாங்கள் ஐந்து பெண்கள். அந்த ஐவரில் அவள்தான் மூத்தவள், இருபத்தெட்டு வயதிருக்கும். குள்ளம், அகலமான தோள், நடக்கும்போது செருப்பில்லாத பாதம் தரையில் பட்டுப் பட்டென்று சத்தம் போடும்.

வேலை செய்யும் இடத்தில் அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. கணக்கெழுதும் கிராணி அவளை ஊமை என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்தால் குனிந்ததுதான், ஊசி மட்டும் ஓடும். வேலை விடும் நேரத்தில் மூலையிலிருக்கும் பானையிலிருந்து ஒரு பெரிய குவளை தண்ணீர் எடுத்து நிறுத்தாமல் குடிப்பாள். பிறகு இரண்டு தடவை தொண்டையைக் கனைப்பாள். கச்சேரிக்கு உட்காரப் போகிற பாகவதர் தோற்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு இதெல்லாம் தெரியாது. பாலத்தில் நின்ற ஜப்பான் காவல்காரனுக்கு முன்னால் ஐந்து பேரும் வரிசையாக நின்று இடுப்பை வளைத்துக் குனிந்தோம். பாலத்தைத் தாண்டினோம். குபு திருப்பம் வரைக்கும் மூச்சுக் காட்டாமல் நடந்தவள், சீனர் வீடுகள் ஆரம்பித்த இடத்தில் சட்டென்று திரும்பி என் பின்னலைப் பிடித்தாள்.

"ஏ பொண்ணு! என் சீப்பு எங்கடி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த சீப்பு?"

"கேட்டீங்களா, எந்த சீப்பாம்! நாலு பல்லு ஒடைஞ்ச சீப்பு. நேத்து உன் தலையில பார்த்தேன்டி!"

"நான் இன்னைக்குத்தான் அக்கா வேலைக்கே வந்தேன்!"

"அப்ப முந்தாநாளே வந்து திருடிட்டுப் போயிட்டியா?"

மற்ற மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி எனக்காகப் பேசினாள், ஒருத்தி அவளுக்காக, மூன்றாவது ஆள் இரண்டு பக்கமும் மாறி மாறி. சத்தம் ஏற ஏற, கதவுகள் திறந்தன. கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு ஒரு சீனக் கிழவர் வாசலுக்கே வந்து நின்று பார்த்தார். எனக்கு அழுகை முட்டியது. இப்படியே சடக்கு முழுக்க என்னைத் திருடியாக்கிக்கொண்டு வந்தவள், என் வீட்டு வாசல் வந்ததும் பாதி வசவில் நிறுத்தினாள். சாதாரணக் குரலில், "கதவ நல்லா தாப்பாள் போட்டுக்க. நாளைக்கு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வா, உன் குரல் பத்தல" என்றாள்.

மறுநாள் கிழங்கு தின்னும் நேரத்தில் நானே போய்க் கேட்டேன். அப்போதும் நான் யாரிடமும் தயங்கிப் பேசியவள் இல்லை.

"எதுக்கு அக்கா என்னைத் திருடின்னு சொன்னீங்க?"

அவள் ஊசியை நிறுத்தவில்லை. மெல்லிய குரலில், "நீ சடக்குல போறப்போ ஐயோன்னு கத்துனா என்ன நடக்கும்?" என்றாள்.

"ஆளுங்க வருவாங்க."

"வருவாங்களா? யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். எங்கள் வீட்டிலேயே ஒரு தடவை வெளியே ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. அம்மா விளக்கை ஊதி அணைத்துவிட்டு என் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாமேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்தார்கள்.

"கத்துனா கதவ சாத்துவாங்க," என்றாள் அவள். "சண்டை போட்டா கதவ தொறப்பாங்க. கதவு தொறந்திருக்கிற சடக்குல எவனும் எவ கையையும் பிடிக்க மாட்டான். அவ்வளவுதான் தங்கச்சி."

இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் எங்கள் ஐந்து பேரையும் தினமும் வீடு சேர்த்தாள். அதற்கு அவள் வைத்திருந்த ஒழுங்குகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். காவல்காரன் காதில் விழும் தூரத்தில் சண்டை கூடாது, கன்னத்தில் அறை விழும். ஜப்பான் மணியைப் பற்றியும் கிடைக்காத அரிசியைப் பற்றியும் சண்டை கூடாது, அது வேறு காதுகளுக்குப் போகும். நிஜத்தை இழுத்துச் சண்டை போடக்கூடாது, மறுநாள் ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்க முடியாது. ஓடக்கூடாது. "மெதுவா நடங்கடி. ஓடுற பொண்ணத்தான் திரும்பிப் பார்ப்பாங்க" என்பாள்.

பாஷையும் இடத்துக்கு இடம் மாறும். குபுவில் சீனர் வீடுகளுக்கு வார்த்தை தேவையில்லை, கூடையைத் தரையில் அடித்துக் கையைத் தட்டினால் போதும். சிட்டி கம்போங் வந்ததும் மலாய்க்குத் தாவிவிடுவாள். அங்கே இருப்பவர்கள் அந்தக் காலத்தில் வந்த செட்டிமார் வம்சம், நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், ஆனால் பேசுவது மலாய். "தா மாலு! வெட்கங்கெட்டவளே!" என்று இரண்டு பாஷையையும் ஒன்றாகக் கட்டி வீசுவாள். அங்கே ஜன்னலோரம் கெபாயா என்கிற மலாய்ச் சட்டை போட்ட ஓர் அம்மா தினமும் எங்களுக்காகவே காத்திருப்பார். "சியாப்பா மெனாங்?" என்று கேட்பார். யார் ஜெயிக்கிறது என்று அர்த்தம். அவர் என் பக்கம். நான் தோற்கும் நாளில் நாக்கைச் சப்புக் கொட்டுவார்.

எனக்கு ஒரே ஒரு கஷ்டம், மரியாதை விடாது. "யாருடி உன் சீப்ப எடுத்தது அக்கா?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தால் சண்டை கெட்டுவிடும் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பத்து வீடு நடந்தாள்.

இதெல்லாம் விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். சைக்கிளில் ஒருவன் வருவான். நம் ஆள்தான், தமிழ் நன்றாகப் பேசுவான். ஜப்பான் பாஷை நாலு வார்த்தை கற்றுக்கொண்டு அவர்களுக்குப் பேசிக் கொடுக்கிற வேலை, கையில் வெள்ளைப் பட்டை. சண்டித்தனம் ஒன்றும் பண்ணமாட்டான். பின்னாலேயே வந்து மணியடித்து, "இருட்டுதே தங்கச்சி, கொண்டுபோய் விடவா?" என்று கேட்பான், அவ்வளவுதான். எங்களோடு தைத்தவர்களில் தெங்கேரா பக்கம் போகிற ஒருத்தி ஒரு நாள் சரியென்று ஏறிக்கொண்டாள். இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவள் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தது எங்கள் சண்டைக்காரிதான்.

நாலைந்து மாதத்தில் சண்டைக்கு விஷயம் தீர்ந்துபோனது. சீப்பு, பேன், கருவாட்டுத் தலை, கிணற்றுக் கயிறு எல்லாம் ஆகிவிட்டது. ஜனங்களுக்கும் சலித்துவிட்டது, ஜன்னல்கள் முன்போல் திறக்கவில்லை. ஒரு நாள் மற்ற மூன்று பேரும் தத்தம் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, எங்கள் தெருமுனையில் நானும் அவளும் மட்டும் நடந்துகொண்டிருந்தோம். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் கையை வைத்து நின்று, நான் அதுவரை கேட்டிராத குரலில் ஒரு போடு போட்டாள்.

"என் புருஷன் வேட்டிய எடுத்து உன் வீட்டுல ஒளிச்சு வெச்சவதானேடி நீ!"

அடேயப்பா. துணிக்குப் பஞ்சம் பிடித்த காலம், ஜனங்கள் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேட்டி என்றால் லேசான பொருளா? தெருவில் ஒரு ஜன்னல் பாக்கியில்லை. சைக்கிள் எங்களைத் தாண்டி நிற்காமல் போய்விட்டது. அன்றைக்கு நான்கூட நன்றாகத்தான் சண்டை போட்டேன் என்று பெருமையோடு போய்ப் படுத்தேன்.

வேட்டி களவு போனதைப் பற்றி ஊர் கவலைப்படவில்லை. அவள் புருஷனுடைய வேட்டி இந்தப் பெண்ணின் கைக்கு எப்படி வந்தது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

அப்போது எனக்குப் புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். கன்னிப்பெண்ணை வீட்டில் வைத்திருப்பதே நெருப்பை மடியில் கட்டிக்கொண்ட மாதிரி என்று அம்மாவுக்கு அவசரம். கழுத்தில் தாலி ஏறிவிட்டால் பாதிக் கவலை விட்டது என்று எல்லாத் தாய்மாரும் நினைத்த சமயம். மாப்பிள்ளையின் தாயார் சொந்தக்காரர்களோடு பெண் பார்க்க வந்தார். வழியில் தெருமுனையில் மளிகை வைத்திருந்த நானாவிடம், முஸ்லிம் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம், வீட்டு அடையாளம் கேட்டிருக்கிறார். நானா நல்ல மனுஷர், ஒரு வஞ்சனையும் இல்லாமல், "வேட்டி விவகாரம் நடந்துச்சே, அந்த வீடா? நேரா போய் வலது பக்கம்" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் நேராகவும் போகவில்லை, வலது பக்கமும் திரும்பவில்லை. அங்கிருந்தே புக்கிட் ரம்பாய்க்குத் திரும்பிவிட்டார்கள். அம்மா தேங்காய் துருவிப் போட்டுக் கிழங்குப் புட்டு செய்து வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிட்டங்கி வாசலில் அவளை மறித்தேன்.

"என் பேரு நாசமாப் போச்சு. உங்களுக்குத் திருப்தியா?"

"கேள்விப்பட்டேன்," என்றாள். முகம் செத்திருந்தது. "யோசிக்காம வாயில வந்துருச்சு. அவன் ரொம்பக் கிட்ட வந்துட்டான் அன்னைக்கு. பேரு போனா திரும்ப வாங்கிக்கலாம் தங்கச்சி."

"எந்தக் கடையில விக்கிறாங்க? சொல்லுங்க, போய் வாங்கிட்டு வர்றேன்!"

எந்த ஊர் வாயையும் அடைக்கிறவள் என் ஒரு வார்த்தைக்கு வாயடைத்து நின்றாள். நான் அன்றிலிருந்து தனியாக நடந்தேன்.

என் நடையைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த வயதில் என் வேகத்துக்கு ஆண்பிள்ளைகள் ஈடு கொடுக்க முடியாது. வேலை விட்டதும் முதல் ஆளாகக் கிளம்பி, பாலத்தில் குனிந்து நிமிர்ந்து, ஒரே மூச்சில் வீடு போய்ச் சேருவேன். நாலு நாள் அப்படிப் போனேன். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை கூத்து என்றுகூட நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சிட்டி கம்போங்குக்குக் கொஞ்சம் முன்னால் சைக்கிள் மணி கேட்டது.

"தனியாவா தங்கச்சி? உங்க கூட்டம் எங்க?"

நான் நடையை எட்டிப் போட்டேன். அவன் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தான். "இது பாரமா இருக்குமே, குடு" என்று என் கையிலிருந்த தூக்குச் சட்டியை வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டான். பிடுங்கவில்லை, வாங்கினான். நானும் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சட்டி அவனிடம் போனதும் என்னால் ஓடவும் முடியவில்லை. பக்கத்துச் சந்து வந்தது. அந்தச் சந்துக் கடைசியில் பட்டாளத்து அதிகாரிகள் குடியிருந்த பெரிய பங்களா. அவன் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பி, "இப்படிப் போனா கிட்ட" என்றான்.

கத்தவேண்டும் என்று நினைத்தேன். சத்தம் வரவில்லை. மூன்று கடை வைத்தவள், பத்து ஆளை வேலை வாங்கியவள், இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வாய் திறந்தபடி இருந்தது, உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

"அடியே வேட்டித் திருடி! எங்கடி போற?"

முதுகுக்குப் பின்னால் இடி விழுந்த மாதிரி அந்தக் குரல். திரும்பினேன். மற்ற மூன்று பேரும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, அவள் முன்னால். அந்த நாலு நாளும் இதே மாதிரிதான் என் பின்னால் வந்திருக்கிறார்கள். ஓடாதீங்கடி, ஓடாதீங்கடி என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் வேகத்துக்கு ஐந்து நாளாக இருட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜன்னல்கள் திறந்தன. கெபாயா அம்மா விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். சண்டைக்காரி நேராகச் சைக்கிளிடம் போய் என் தூக்குச் சட்டியைக் கழற்றினாள். "இதுவும் என் வீட்டுச் சட்டிதான்! வேட்டி பத்தலன்னு சட்டியும் தூக்கிட்டாய்யா!" என்று அவனிடமே முறையிட்டாள். அவன் அவளைப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, "உன்னைப் பத்தி விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

நான் அசையாமல் நின்றிருந்தேன். அவள் என் கையில் சட்டியைத் திணித்து, காதோரம் சொன்னாள்: "பதில் சொல்லுடி. ஒருத்தி மட்டும் பேசுனா அது சண்டை இல்ல."

அன்றிலிருந்து மறுபடியும் ஐந்து பேராக நடந்தோம்.

அவள் வீடு என் வீட்டைத் தாண்டிப் பதினைந்து வீட்டுத் தூரம். நடுவில் ஒரு ரம்புத்தான் தோப்பு. கடைசியாகப் போய்ச் சேருகிறவள் அவள்தான். ஆனால் அவளுக்காக நான் கவலைப்பட்டதில்லை. ஏனென்றால் தினமும் அவள் புருஷன் தோப்பு வரைக்கும் வந்து அழைத்துப் போவான். நான் முகம் கழுவும்போது கேட்கும். "இவ்வளவு நேரம் எங்க இருந்த? பொண்டாட்டி இருட்டுல வருவாளேன்னு நெனப்பு இருக்கா உனக்கு?" என்று இவள் பொரிவாள். பதிலுக்கு அடித்தொண்டையில் "ம்... சரி... வா" என்று கேட்கும். குருபோங்கில் கிழங்குக் காடு திருத்தப் போகிறான் என்று சொல்லியிருந்தாள். விடியுமுன் போய் இருட்டியபின் வருகிறவனை யார் பார்த்தார்கள்? அவர்கள் குடிவந்தே ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. பாவம், அந்த மனுஷன், வீட்டிலும் இந்த வாய்தானா என்று நானும் அம்மாவும் சிரித்துக்கொள்வோம்.

சட்டி விவகாரம் நடந்து ஒரு வாரம் இருக்கும். அன்றும் என்னை விட்டுவிட்டுப் போனாள். தோப்புப் பக்கமிருந்து அவள் புருஷனைத் திட்டும் சத்தம் வழக்கம்போல ஆரம்பித்தது. நடுவில் ஓர் ஆண்குரல் சிரித்தது.

"யாருகூட சண்டை போடுற? உன் புருஷன்தான் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போய் ஒரு வருஷமாச்சே! நீ முன்ன இருந்த செங் தோட்டத்துல விசாரிச்சுட்டுத்தான் வர்றேன்."

சைக்கிள்காரன் குரல். அவள் சத்தம் அப்படியே நின்றுவிட்டது.

அம்மா கேட்டாள், "அந்தப் பொண்ணு ஏன் நிறுத்திட்டா?"

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. அடித்தொண்டையில் வந்த "ம்... சரி... வா" அவளுடைய குரல்தான். எங்களையெல்லாம் வீடு சேர்த்த பிறகு தன்னோடு சண்டை போட ஆளில்லாமல், சயாமுக்குப் போனவனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஒருத்தியாக இரண்டு பேர் சண்டையைப் போட்டிருக்கிறாள். இப்போது அதுவும் போயிற்று. இனி அவள் கத்தினால் பதினைந்து வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும்.

கையில் அகப்பை இருந்தது. அதோடு நடுச்சடக்குக்கு ஓடினேன்.

"அடியே! நில்லுடி அங்க! வேட்டி வேட்டின்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சியே, ஆமாடி, என்கிட்டதான் இருக்கு! என்ன பண்ணுவ?"

ஒரு ஜன்னல் திறந்தது. போதவில்லை. தோப்பிலிருந்து அவன் கத்தினான்: "ஏய், உள்ள போ! இவளுக்குப் புருஷனே இங்க இல்ல. வேட்டி எங்கேர்ந்து வந்துச்சு?"

வாசலில் அம்மா நிற்பது தெரிந்தது. தெரிந்தேதான் சொன்னேன்.

"யாருய்யா சொன்னது இல்லன்னு? போன வெள்ளிக்கிழமை ராத்திரி அந்த மனுஷன் தன் கையாலயே எனக்குக் குடுத்தாருய்யா வேட்டிய!"

காஜா பெராங்கில் அன்று திறக்காத கதவு இல்லை. விளக்கும் கையுமாக ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். நானா கடைப் பலகையை விலக்கிக்கொண்டு வந்து, "யாரு தம்பி நீங்க? பொம்பளைங்க சண்டையில உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். "இல்ல, நான் சும்மா..." என்றான் அவன். பத்து வீட்டு வெளிச்சத்தில் செய்யக்கூடிய காரியத்துக்கு அவன் வரவில்லை. போதாததற்கு, புருஷன் நிஜமாகவே இங்கேதான் இருக்கிறானோ என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்கவேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு எங்கள் சடக்கில் நான் அவனைப் பார்க்கவில்லை.

அவளுக்கு அதற்குள் குரல் திரும்பிவிட்டது. "அவரே குடுத்தாரா? வாடி, அவரு மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லு! உள்ளதான் படுத்திருக்காரு!" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஊர் பார்க்க, தோப்பைத் தாண்டி அவள் வீடு வரை சண்டை போட்டுக்கொண்டே போனோம். உள்ளே படுத்த படுக்கையாக அவள் மாமியார் மட்டும் இருந்தாள்.

கதவுக்கு உள்ளே வந்ததும் சண்டைக்காரி கிசுகிசுத்தாள்: "என்னடி பொண்ணே சொல்லிட்ட? இனிமே உன்னை யாரு கட்டுவா?"

"அதை அப்புறம் பார்ப்போம். வேட்டி எப்படி இருக்கும்னு சொல்லுங்க முதல்ல. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பச்சைக் கரை போட்டது. இருந்ததே அந்த ஒண்ணுதான். அதைக் கட்டிக்கிட்டுத்தான் லோரியில ஏறுனாரு."

யாரு கட்டுவா என்று அவள் பயந்ததுதான் நடந்தது. இந்த ஊரில் எனக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. யுத்தம் ஓய்ந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு மூவாரிலிருந்து ஒருவர் வந்து கட்டிக்கொண்டார். அவருக்கு எல்லாவற்றையும் முதல் நாளே சொன்னேன். அவள் புருஷனும் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். பாவம், எதற்காக ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று அவருக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. அவர் வந்த பிறகு அவள் அவரை ஒரு நாளும் ஒரு வார்த்தை திட்டி நான் கேட்டதில்லை.

ஆனால் அன்றைக்கு நான் வீடு திரும்பவேண்டுமே. அதே பதினைந்து வீடு, அதே தோப்பு. ஜனங்கள் உள்ளே போய்விட்டிருந்தார்கள். நான் படியிறங்கினேன். அவள் வாசலில் நின்று ஒரு குவளை தண்ணீரைக் குடித்துவிட்டு ஆரம்பித்தாள். என் குலத்தைத் திட்டினாள், என் நடையைத் திட்டினாள், நான் போடும் தையலைத் திட்டினாள். நான் நடந்துகொண்டே திருப்பிக் கொடுத்தேன். தூரம் கூடக் கூட இரண்டு பேரும் குரலை உயர்த்தினோம். தோப்பைத் தாண்டும்போது அவள் சொல்வது என்னவென்றே புரியவில்லை, சத்தம் மட்டும் முதுகிலேயே வந்தது. என் வீட்டுக்குள் நுழைந்து, அவளுக்குக் கேட்கட்டும் என்று தாழ்ப்பாளை ஓங்கிப் போட்டேன். அதற்குப் பிறகுதான் நிறுத்தினாள்.